மும்பையில் இலவச வக்கீலைப் பிடிப்பது எப்படி: உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே வந்தவர்களுக்கும்

தாராவியில் எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) இருக்கும் ஒரு அக்கா, மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன மூன்றாம் நாள் கம்மலைக் கழற்றி அடகு வைத்து, கோர்ட் வாசலில் கறுப்புக் கோட்டு போட்டு நின்ற ஒருவர் கையில் பன்னிரண்டாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த ஆள் வக்கீலா தரகரா என்று இன்று வரைக்கும் தெரியாது. அடுத்த தாரீக்குக்கு, அதாவது வாய்தா தேதிக்கு, அவர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அக்கா என்னிடம் வந்தபோது கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டும் அதில் கிறுக்கிய ஒரு செல் நம்பரும்தான். மகனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்திய அன்றைக்கே ஒரு பைசா செலவில்லாமல் அவனுக்கு வக்கீல் கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்று சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்களுக்கு இன்று தேவைப்படாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படும்.

யாருக்குக் கிடைக்கும்

ஏழைக்கு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 39ஏ பிரிவே சொல்கிறது. அதற்காக 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவில்தான் யார் யாருக்கு என்ற பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், கலவரத்திலோ வெள்ளத்திலோ பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள், இவர்கள் யாருக்கும் வருமானக் கணக்கே கிடையாது. மாதம் லட்சம் சம்பாதிக்கும் பெண்ணுக்கும் உண்டு. இந்தப் பட்டியலில் வராத ஆண் என்றால் மகாராஷ்டிராவில் வருட வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சிறையில் இருக்கும் வரை உங்கள் பையனிடம் யாரும் வருமானம் கேட்கக் கூடாது, காவலில் இருக்கிறான் என்பதே போதும். ஜாமீனில் வெளியே வந்து அப்புறம் புதிதாக விண்ணப்பித்தால்தான் வருமானக் கேள்வி வரும். அப்போதும் தாசில்தார் ஆபீஸில் போய் வரிசையில் நிற்க வேண்டியது கட்டாயம் இல்லை. "என் வருட வருமானம் இவ்வளவு" என்று நீங்களே கொடுக்கும் பிரமாணப் பத்திரம் போதும் என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, சந்தேகப்பட அவர்களுக்குக் காரணம் இருந்தால் தவிர. கவுன்டரில் வருமானச் சான்றிதழ் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினால், அஃபிடவிட் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர்கள் அதை ஒன்றையே நம்பிப் போகாமல், வருமானத்தையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது. ஒரு வழி அடைத்தால் இன்னொன்று இருக்கும்.

கைதானவர் கேட்கவே இல்லை, அதனால் வக்கீல் கொடுக்கவில்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. 1986இல் சுக் தாஸ் வழக்கில், வக்கீல் இல்லாமலே விசாரித்துக் கொடுத்த தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இலவச வக்கீல் உண்டு என்பதையே அறியாத மனிதன் எப்படிக் கேட்பான் என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.

எங்கே போவது

மாவட்டம்தோறும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. கோர்ட்டில் எல்லோரும் டி.எல்.எஸ்.ஏ. என்பார்கள், மராட்டியில் "விதி சேவா பிராதிகரண்". மும்பை நகர மாவட்டத்துக்கு ஃபோர்ட்டில் இருக்கும் சிட்டி சிவில் அண்டு செஷன்ஸ் கோர்ட்டில் போய்க் கேளுங்கள், புறநகர் மாவட்டத்துக்கு பாந்த்ரா கிழக்கில். மாநில அளவிலான ஆணைக்குழுவும் ஃபோர்ட்டில்தான், ஹைகோர்ட்டின் பி.டபிள்யூ.டி. கட்டடத்தில். கல்யாண், முல்லுண்ட் பக்கம் இருப்பவர்கள் குழம்ப வேண்டாம்: நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள், பையன் எந்த ஜெயிலில் இருக்கிறான் என்பது முக்கியம் இல்லை, வழக்கு எந்தக் கோர்ட்டில் நடக்கிறது என்பதுதான் கணக்கு. தலோஜாவில் அடைத்திருப்பார்கள், வழக்கு குர்லா கோர்ட்டில் இருக்கும். அப்போது நீங்கள் போக வேண்டியது மும்பைப் புறநகர் ஆணைக்குழுவுக்கு, பன்வேலுக்கு அல்ல. தவறான வாசலுக்குப் போய்விட்டாலும் விண்ணப்பத்தைக் கொடுங்கள், சரியான இடத்துக்கு அனுப்பி வைக்கச் சொல்லலாம்.

கோர்ட் வளாகத்தில் நுழைந்ததும் யாரிடமும் வழி கேட்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சீருடையில் இருக்கும் போலீஸ்காரரிடமோ கோர்ட் சிப்பந்தியிடமோ கேளுங்கள். "விதி சேவா பிராதிகரண் குடே ஆஹே?" என்ற ஒரு வரி போதும். "மோஃபத் வகீல்" என்றாலும் புரியும். தானாக வந்து "க்யா காம் ஹை" என்று தோளில் கை வைப்பவரை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

நேரில் போக முடியாதவர்களுக்கு 15100 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவுடையது. கூப்பிடும்போது ஹிந்தியோ மராட்டியோ சரளமாகப் பேசும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் ஆலோசனைதான் வேண்டும் என்றால் போனில் சட்ட ஆலோசனை தரும் டெலி லா, எண் 14454.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது

ஒரு முழுத் தாள் போதும். உள்ளே இருப்பவரின் பெயர், அப்பா பெயர், வயது, எந்த போலீஸ் ஸ்டேஷன், சி.ஆர். நம்பர் (எஃப்.ஐ.ஆர். எண்), என்ன செக்‌ஷன், கைதான தேதி, எந்தக் கோர்ட், அடுத்த தாரீக், எந்த ஜெயில், உங்கள் பெயர், உறவு, போன் நம்பர். இதில் சி.ஆர். நம்பரும் அடுத்த தாரீக்கும்தான் உயிர், மற்றது எல்லாம் பின்னால் சரி செய்துகொள்ளலாம். சி.ஆர். நம்பர் தெரியாவிட்டால் ஸ்டேஷனில் கேளுங்கள். வழக்கு கோர்ட்டில் பதிவாகியிருந்தால் ஈ-கோர்ட்ஸ் செயலியில் பெயரைப் போட்டே தேடலாம், அங்கே பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். நம்பர் ஒன்று கிடைக்கும், அதைக் குறித்துக்கொண்டால் இனி எந்தத் தாரீக்குக்கும் யாரையும் கெஞ்ச வேண்டாம்.

எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்லலாம். அங்கே இருப்பவர் எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்க வேண்டும், அது விதியிலேயே இருக்கிறது. விண்ணப்பத்தின் மேல் 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் விதி. மறுத்தால் ஆணைக்குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். எதைக் கொடுத்தாலும் ஒரு ஜெராக்ஸில் சீல் வைத்து வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்தச் சீல் இல்லாமல் அடுத்த வாரம் போய் நின்றால் நீங்கள் வந்ததற்கே சாட்சி இருக்காது.

உள்ளே இருப்பவர் என்ன செய்யலாம்

ஜெயிலுக்குள்ளேயே சட்ட உதவி மையம் உண்டு. ஆர்தர் ரோடு, பைகுலா பெண்கள் சிறை, தாணே, தலோஜா எங்கே இருந்தாலும் சட்டத் தன்னார்வலர் வருவார், சில இடங்களில் நீண்ட காலமாக உள்ளே இருக்கும் கைதிகளே அந்த வேலைக்குப் பயிற்சி பெற்றிருப்பார்கள். உள்ளேயிருந்து எழுதிக் கொடுக்கும் மனுவை ஜெயில் நிர்வாகம் ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஹிந்தி தெரியாத தமிழ்ப் பையன்கள் பாரக்கில் வாயே திறக்காமல் மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள், இதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். முலாகாத்துக்கு, அதாவது ஜெயிலில் பார்க்கப் போகும்போது, அவனிடம் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்: "முஜே லீகல் எய்ட் வகீல் சாஹியே." முலாகாத்துக்கு இப்போது ஈ-முலாகாத் மூலம் ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம்.

கைதான புதிதில் இன்னொன்றும் கேளுங்கள். கைதுக்கான காரணத்தை எழுத்தில், அந்த ஆளுக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் மகாராஷ்டிராவிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மராட்டியில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள். அவர் அதை வைத்து வாதாட முடியும்.

அப்புறம் நாள் எண்ணுங்கள். சமையல்கட்டில் தொங்கும் காலண்டரிலேயே எண்ணுங்கள். ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 60 நாளில், பெரிய குற்றமாக இருந்தால் 90 நாளில், போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை ஆகிவிடுகிறது. பெரிய குற்றம் என்றால் மரண தண்டனை, ஆயுள், பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ளவை. ஆனால் மனு போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும், அதனால் 58ஆம் நாளே வக்கீலைப் பிடித்து நினைவுபடுத்துங்கள்.

ரொம்ப நாளாக விசாரணைக் கைதியாகவே கிடப்பவர்களுக்கு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு இருக்கிறது. அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு தண்டனையோ அதில் பாதியை உள்ளேயே கழித்தவர் ஜாமீனுக்கு வரலாம், அதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரணம் அல்லது ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது, ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் சிக்கல். பழைய வழக்குகளுக்கும் இது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கோர்ட்டுக்கு எழுத வேண்டியது ஜெயில் சூப்பிரண்டின் கடமை, ஆனாலும் நீங்கள் கணக்குப் போட்டு ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்தால் வேலை வேகமாக நடக்கும்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள்

நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கோர்ட் ஜாமீன் கொடுத்துவிடும். 15,000 ரூபாய்க்கு ஒரு ஜாமீன்தார் என்று உத்தரவில் இருக்கும். ஜாமீன்தாருக்கு ரேஷன் கார்டு, விலாசச் சான்று, சம்பளச் சீட்டு, சில நேரம் சால்வென்சி சர்ட்டிஃபிகேட் (சொத்து மதிப்புச் சான்று). வாடகை வீட்டில் இருந்துகொண்டு இட்லி வியாபாரம் செய்யும் குடும்பத்துக்கு இத்தனை காகிதத்தோடு கையெழுத்துப் போட யார் வருவார்? சொந்தக்காரர்கள் எல்லாம் திருநெல்வேலியில். அக்கா மகன் இப்படித்தான் உத்தரவு வந்த பிறகும் இரண்டு மாதம் உள்ளே இருந்தான். அந்த இரண்டு மாதத்தில் அக்கா அந்த உத்தரவின் ஜெராக்ஸை மடித்து மடித்து, மடிப்பு கிழிந்து நாலு துண்டாகி, செலோ டேப் ஒட்டி வைத்திருந்தார்.

இந்த நிலையில் கோர்ட் வாசலில் வாடகை ஜாமீன்தார் தருகிறேன் என்று ஆள் வருவார்கள். வேண்டவே வேண்டாம். போலிக் காகிதம் என்று பிடிபட்டால் ஜாமீனும் போய், புது வழக்கும் வரும். நேர்வழி நான்கு இருக்கிறது, இலவச வக்கீலிடமே இவற்றைக் கேட்கலாம்.

ஒன்று, கேஷ் பெயில். ஜாமீன்தாருக்குப் பதிலாகப் பணத்தையே கோர்ட்டில் கட்ட அனுமதி கேட்கும் மனு. ஜாமீன்தாரைத் தேடும் வரை சில வாரங்களுக்கு என்று தற்காலிகமாகவும் கொடுப்பார்கள். பணம் கட்டிய ரசீதை லேமினேட் செய்யாத குறையாகப் பத்திரப்படுத்துங்கள், வழக்கு முடிந்ததும் அந்தப் பணம் திரும்பி வரும், ரசீது இல்லாவிட்டால் அலைச்சல்தான்.

இரண்டு, தொகையைக் குறைக்கவும் வெளியூர் ஜாமீன்தாரை ஏற்கவும் கேட்பது. 1978இல் மோத்தி ராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அதுவும் உள்ளூர் ஆளாகவே வேண்டும் என்ற மாஜிஸ்திரேட்டின் உத்தரவை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். தமிழனோ மலையாளியோ தெலுங்கனோ தூரத்து ஊரில் கைதானால், அங்கே சொத்துள்ள ஆளுக்கு எங்கே போவான் என்று அந்தத் தீர்ப்பில் தமிழர்களைப் பெயர் சொல்லியே கேட்டிருக்கிறார். ஊரில் இருக்கும் மாமாவின் பட்டாவைக் காட்டி ஜாமீன் கேட்க நினைக்கும் ஒவ்வொரு மும்பைத் தமிழரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய வழக்கு இது.

மூன்று, சொந்தப் பிணை, அதாவது பி.ஆர். பாண்ட். ஜாமீனில் விடக்கூடிய சின்னக் குற்றமாக இருந்து, கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தார் தர முடியவில்லை என்றால் அந்த ஆளை ஏழை என்றே கோர்ட் எடுத்துக்கொண்டு, அவரது சொந்தக் கையெழுத்தில் விட வேண்டும். மற்ற வழக்குகளுக்கு, 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவு இருக்கிறது: ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் ஜெயில் சூப்பிரண்டு ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆகியும் பிணை கட்ட முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே எடுத்துப் பார்க்கலாம். அக்காவின் பையனுக்கு இதைக் குறிப்பிட்டுத்தான் மனு போட்டோம். தொகை குறைந்தது, கேஷ் பெயிலாகவும் மாறியது.

நான்கு, மத்திய அரசின் ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம். 2023இல் அறிவித்தபோது ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாமல் கிடக்கும் தண்டனைக் கைதிக்கு 25,000 வரையும் என்று வைத்தார்கள். மாவட்டக் குழு பார்த்து முடிவு செய்யும், பணம் நேராகக் கோர்ட்டுக்குப் போகும். போதைப் பொருள், ஊழல், பணமோசடித் தடுப்புச் சட்டம், உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) போன்ற வழக்குகளுக்குக் கிடையாது. ஜெயிலில் இதைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் நீங்கள் ஆணைக்குழுவில் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வக்கீல் வந்த பிறகு

அவரிடம் நீங்கள் பணம் கொடுக்கக் கூடாது, அவர் கேட்கவும் கூடாது. கோர்ட் கட்டணம், நகல், மொழிபெயர்ப்பு எல்லாமே சட்ட உதவிக்குள் அடக்கம். எனக்குத் தெரிந்த ஒரு வழக்கில், ஆணைக்குழு தன் வக்கீல் பட்டியலில் இருந்து கொடுத்த வக்கீல் ஜெராக்ஸுக்கு, டைப்பிங்குக்கு என்று தாரீக்குத் தாரீக் ஐநூறு வாங்கிக்கொண்டிருந்தார். எழுத்தில் புகார் கொடுத்ததும் வேறு வக்கீலை மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, பயப்பட வேண்டாம். பல மாவட்டங்களில் இப்போது கிரிமினல் வழக்குகளுக்கு ஆணைக்குழுவே சம்பளம் கொடுத்து முழுநேர வக்கீல்களை வைத்திருக்கிறது, அவர்கள் கிடைத்தால் நல்லது.

ஆனால் இலவசம் என்றால் வக்கீலே வீட்டுக்கு வந்து கூப்பிட்டுச் செல்வார் என்று நினைக்க வேண்டாம். அந்த வக்கீல் கையில் நிறைய வழக்கு இருக்கும். ஒவ்வொரு தாரீக்குக்கும் வீட்டிலிருந்து ஒருவர் போய் நில்லுங்கள், ரோஜ்நாமாவில், அதாவது கோர்ட்டின் அன்றாடப் பதிவில், அன்று என்ன எழுதினார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குற்றப்பத்திரிகை நகல் இலவசமாகத் தர வேண்டியது, வாங்கிவிடுங்கள். மராட்டியில் இருந்தால் படித்துச் சொல்ல ஒரு ஆளைப் பிடியுங்கள். விசாரணையில் சாட்சி சொல்வது புரியவில்லை என்றால் மொழிபெயர்த்துச் சொல்லும்படி கேட்கலாம்.

வெளியே வந்த பிறகு

ஜாமீனில் வந்தவருக்கு வழக்கு முடிந்துவிடவில்லை. ஒரு தாரீக் தவறினால் வாரண்ட் வரும், அடுத்த முறை ஜாமீன் கிடைப்பது கஷ்டம். காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டோடு வக்கீல் மூலம் அன்றே மனு கொடுத்துவிடலாம். ஏற்கெனவே வாரண்ட் ஆகியிருந்தால் ஓடி ஒளியாமல் தானாகப் போய் ரத்து செய்யக் கேளுங்கள், போலீஸ் பிடித்துக்கொண்டு போவதற்கும் நாமே போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. கோயில் கொடைக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றால் உத்தரவில் "அனுமதி இல்லாமல் வெளியூர் போகக் கூடாது" என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் ரயில் டிக்கெட் நகலோடு பதினைந்து நாள் முன்பே மனு. வீடு மாறினாலும் சொல்லிவிடுங்கள், வாடகை வீட்டுக்காரர்கள் நிறையப் பேர் இதில்தான் தவறுகிறார்கள்.

வேலை, தங்க இடம், தொலைந்த ஆதார் என்று எல்லாமே ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இதற்கு டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் பிரயாஸ் அமைப்பு 1990 முதல் மும்பையில் சிறையிலும் கோர்ட்டிலும் வேலை செய்கிறது, வெளியே வந்தவர்களுக்கும் உதவுகிறார்கள். தியோனாரில் அந்த நிறுவனத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பெண்களுக்கு, குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை வழக்கு என்றால் மஜ்லிஸ் என்ற அமைப்பு பல வருடமாக இருக்கிறது.

கடைசியாக முத்தேமால். போலீஸ் எடுத்து வைத்த போன், பைக், பணம் எல்லாவற்றுக்கும் அங்கே இதுதான் பெயர். வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டாம், உங்களுடையது என்று காட்ட ஆர்.சி. புக்கோ பில்லோ வைத்து, பாண்ட் எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கும் மனு இப்போதே போடலாம். வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது. அக்கா மகனுக்கு அந்த பைக்தான் பிழைப்பு, டெலிவரி ஓட்டுபவன். மனு போட்ட இலவச வக்கீலே பைக்கையும் மீட்டுக் கொடுத்தார், டயர் இரண்டும் உட்கார்ந்திருந்தது, தொண்ணூறடி ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தான்.